யாழினி இடைவேளை

சின்ன காஞ்சிபுரத்தில் சிட்டிபாபு சார் நடத்தும் கணக்கு டியூஷன் மாலை ஆறரையிலிருந்து நாலே முக்காலுக்கு மாறியதற்கு யாழினிதான் காரணம் என்பது அங்கே படித்த பிளஸ் டூ பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அவள் சொன்ன காரணம் பொய் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பொய் என்று சொன்னால் ஆரம்பத்தில் அவளே சண்டைக்கு வந்திருப்பாள். "எங்க வீட்ல பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம் சார்" என்றுதான் அவள் சொன்னாள். அதில் என்ன பொய் இருக்கிறது? திருப்பருத்திக்குன்றத்தில் நெல்லும் எள்ளும் விளைவிக்கிற ஜைனக் குடும்பம் அவளுடையது. விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூச்சி சோற்றில் விழுந்து உயிர் விட்டுவிடக்கூடாது என்று, சூரியன் இருக்கும்போதே சாப்பாட்டை முடித்துக்கொள்கிற வீடு. அப்பா ஜீவகுமார் கழனியிலிருந்து வந்ததும் முதலில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அம்மா இந்திரா பொழுது சாய்ந்தபின் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பாள்.

யாழினி சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்த விதி அவளுக்குக் கிடையாது.

பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் எடுத்தபோதே இந்திரா மகளுக்கு அதைத் தளர்த்திவிட்டாள். "படிக்கிற பொண்ணு வெறும் வயித்தோட தூங்கக்கூடாது. நீ வந்து எப்ப வேணும்னாலும் சாப்டு. பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றாள். சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள். அதற்கு ஈடாக ஒவ்வொரு அஷ்டமிக்கும் முழுப் பட்டினி இருக்க ஆரம்பித்தாள். இருட்டியபின் அடுப்பு மூட்ட மாட்டாள் என்பதால் பொழுதோடு தோசை வார்த்து மூடி வைத்துவிடுவாள். எட்டு மணிக்கு மேல் அந்த ஆறிப்போன தோசையை மிளகாய்ப் பொடியோடு யாழினி சாப்பிடுவாள். அம்மா எதிரில் வெறும் வாயோடு உட்கார்ந்து, "இன்னொன்னு வெச்சிக்கோ" என்பாள்.

இப்படி இருக்கையில் யாழினியின் வாய் எதற்கு அப்படிச் சொன்னது? ஒரு கொரியத் தொடருக்காக. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆறரைக்கு டியூஷன் தொடங்கி எட்டுக்கு முடிந்தால், வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட்டதும் அம்மா செல்போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிடுவாள். சாயங்காலமே டியூஷன் முடிந்துவிட்டால் நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஆகஸ்டில் ஒரு நாள் சார் சாக்பீஸைத் தட்டிக்கொண்டே, "டைமிங்ல யாருக்காச்சும் கஷ்டம் இருக்குதாமா?" என்று பொதுவாகக் கேட்டார். யாழினி எழுந்து அந்த வாக்கியத்தைச் சொன்னாள். யோசித்துத் திட்டம் போட்டெல்லாம் சொல்லவில்லை. வந்துவிட்டது.

சிட்டிபாபு சார் அப்படியே நின்றுவிட்டார். அவர் பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறவர். மாடியில் தகரக் கூரை போட்டு, சாயங்காலங்களில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் எடுத்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பிள்ளைகளையும் தெலுங்கில் பெண்ணே என்கிற மாதிரி அம்மாயி என்றுதான் கூப்பிடுவார். "இத்தினி நாளு பட்டினியோடவா அம்மாயி கணக்கு போட்டுக்கினு இருந்தே? ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்றார். அவர் கண் கலங்கியதோ என்றுகூட யாழினிக்குச் சந்தேகம். மறுநாளே நேரம் மாறியது. கடவுள் விஷயம் என்று வந்தபின் இந்த ஊரில் எவர் எதிர்த்துப் பேசுவார்? நேரம் மாறியதால் தன் பரதநாட்டிய வகுப்பையே விட வேண்டியிருந்த திரிஷாகூட முணுமுணுக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு ஒருத்தி பேசுவதற்கு வாயைத் திறந்தாள். யாழினியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அபிநயா. வாயைத் திறந்தவள் யாழினியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். யாழினி அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி பையில் பேனாவைத் தேடினாள்.

அபிநயா முசரவாக்கத்துப் பெண். அவள் அம்மா பூவம்மாள், டியூஷன் இருக்கிற தெருவின் முனையிலேயே சாயங்காலத்தில் தள்ளுவண்டியில் பஜ்ஜி, போண்டா போடுகிறவள். பள்ளி விட்டதும் அபிநயா நேராக வண்டிக்குப் போய்விடுவாள். மாவு கரைப்பது, வாழைக்காய் சீவுவது, தட்டு கழுவுவது எல்லாம் அவள் வேலை. ஆறு மணிக்கு மேல் கூட்டம் குறைந்தால்தான் பையைத் தூக்கிக்கொண்டு டியூஷனுக்கு ஓடி வருவாள். அவள் கையிலிருந்து கடலை மாவு வாசனை வரும். எட்டு மணிக்கு அம்மாவும் பெண்ணும் ஒன்றாகப் பஸ் ஏறுவார்கள். நாலே முக்காலுக்கு அவள் எப்படி வருவாள்? மறுவாரம் நின்றுவிட்டாள். "வீட்லயே படிச்சிக்கிறேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. அந்த வகுப்பிலேயே கேள்வி கேட்கிற ஒரே ஆள் அபிநயாதான். புரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமே கிடையாது. "சார், அந்த மூணாவது வரி எங்கிருந்து வந்திச்சி?" என்பாள். சார் திரும்ப முதலிலிருந்து சொல்வார். பிறகுதான் மற்றவர்களுக்கும் புரியும். அவள் போனதும் எல்லோரும் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தொகை நுண்கணிதம் வந்து போனது, வகைக்கெழுச் சமன்பாடு வந்து போனது. யாழினிக்கு இரண்டும் அரைகுறை. ஆசைப்பட்ட கொரியத் தொடரிலும் மனம் ஒட்டவில்லை. கதாநாயகி அழும்போதெல்லாம் மூடிக்கொண்ட ஒரு வாய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கார்த்திகை பிறந்தது. பொழுது சீக்கிரமாகச் சாயத் தொடங்கியது. அதை முதலில் கவனித்தது சார்தான். வகுப்பு முடிவதற்குள் இருட்டிவிடுகிறதே, இந்தப் பெண் வீட்டுக்குப் போய் எப்போது சாப்பிடுவாள் என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. ஐந்தரைக்கு ஒரு இடைவேளை விட்டார். "டப்பா கொண்டாந்து சாப்பிட்ருமா" என்று யாழினியிடம் சொன்னார். பிள்ளைகள் அதற்கு யாழினி இடைவேளை என்றே பேர் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரியாத விஷயத்துக்கு அம்மாவிடம் எப்படி டப்பா கேட்பது? பெட்டிக்கடையில் கடலை மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டுச் சாப்பிட்டாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் இருட்டியபின் யாரும் பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். திரிஷா ஒருமுறை மறந்துபோய்ப் பிரித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு பையில் போட்டுக்கொண்டாள். யாழினிக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அதற்கப்புறம்தான் கடைசிப் பாடத்தில் தர்க்கவியல் வந்தது. கூற்று மெய்யா பொய்யா என்று அட்டவணை போடுகிற பகுதி. சாருக்கு உதாரணம் தேவைப்பட்டது. பலகையில் அழகான கையெழுத்தில் எழுதினார்: p, பொழுது சாய்ந்துவிட்டது. q, யாழினி சாப்பிடுவதில்லை.

"p எனில் q. இது எப்பம்மா பொய்யாவும்?"

"பொழுது சாஞ்சப்புறமும் யாழினி சாப்ட்டா, அப்ப மட்டுந்தான் சார்" என்றாள் திரிஷா.

"கரெக்ட்டு. நாலு வரிசையில மூணு மெய். ஒண்ணே ஒண்ணுதான் பொய். அந்த ஒரு வரிசை நம்ம யாழினி கிட்ட நடக்கவே நடக்காது. உதாரணம்னா அப்படி இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாசமான சிரிப்புதான். யாழினி குனிந்து அட்டவணையை எழுதினாள். முந்தின ராத்திரி சாப்பிட்டது மூன்று தோசை. நடக்கவே நடக்காது என்று சார் சொன்ன அந்த வரிசையில்தான் அவள் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொய் என்று எழுதவேண்டிய கட்டத்தில் மெய் என்று எழுதிவிட்டாள். இதுவரை அரசல்புரசலாக உறுத்திக்கொண்டிருந்தது அன்றிலிருந்து நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அரையாண்டுத் தேர்வின் விடைத்தாளை ஜனவரியில் பள்ளியில் கொடுத்தார்கள். அபிநயா கணக்கில் தேறவில்லை. அவள் குடும்பத்தில் கணக்கு குரூப் எடுத்த முதல் பெண் அவள். எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். விடைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இன்ஜினியரிங்லாம் நமக்கு இன்னாத்துக்குடி? பாஸானா போதும்" என்று சிரித்தாள். பொதுத்தேர்வு மார்ச்சில். இப்போது டியூஷனுக்கு வந்தால்கூடத் தேறிவிடுவாள். அதற்கு யாழினி வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் சார் முகத்தில் எப்படி விழிப்பது? வகுப்பு என்ன சொல்லும்? நாலு பேர் அம்மாவின் விரதத்தையும் சேர்த்தல்லவா கேலி பேசுவார்கள்? நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ராத்திரியும் முடிவு செய்தாள். ஒவ்வொரு நாளும் அபிநயாவுக்கு ஒரு நாள் குறைந்துகொண்டு வந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், இடைவேளையில் பெட்டிக்கடை மூடியிருந்தது. "டப்பாவும் கொண்டாரல, பட்டினியாவா இருப்ப? வா" என்று திரிஷா அவள் கையைப் பிடித்துத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பூவம்மாளின் வண்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. திரிஷாவே விஷயத்தைச் சொல்லிவிட்டு, சார் தேடுவார் என்று வகுப்புக்கு ஓடிவிட்டாள்.

பூவம்மாள் யாழினியைப் பார்த்தாள், மேற்கே வானத்தைப் பார்த்தாள், கொதிக்கிற எண்ணெயைப் பார்த்தாள். "இதுல முட்ட போண்டா போட்டேன்மா. உனக்கு ஆவாது. செத்த நேரம் இரு" என்று வண்டிக்கு அடியிலிருந்து இன்னொரு அடுப்பை எடுத்து மூட்டினாள். கழுவிக் கவிழ்த்திருந்த சின்ன வாணலியைத் துடைத்து வைத்தாள். புது எண்ணெய் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிக்கப் போனவள், எச்சில் படக்கூடாது என்று கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள். "இன்னாக்கா, எவ்ளோ நேரம்?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் நில்லு நைனா. நைனார் வூட்டுப் பொண்ணு, ஜைனக்காரங்க. பொழுது போறதுக்குள்ள அது சாப்ட்டாவணும். உனக்கு ராத்திரி வரிக்கும் டைம் இருக்குது" என்றாள் பூவம்மாள்.

நின்றிருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அபிநயா புது வாழைக்காயை எடுத்துச் சீவினாள். "வெங்காயம் வேணாம்மா, அவுங்க வீட்ல சேர்க்க மாட்டாங்க" என்று அம்மாவுக்கு ஞாபகப்படுத்தினாள். மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் கணக்குப் புத்தகம் திறந்து கிடந்தது. காற்றில் பக்கம் புரளாமலிருக்க அதன் மேல் உப்பு டப்பாவை வைத்திருந்தாள்.

தட்டு வந்தது. யாழினி வண்டிக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சுடச்சுட, அவ்வளவு மரியாதையாக யாரும் அவளுக்குச் சாப்பாடு போட்டதில்லை. பாதியோடு நிறுத்தித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், வந்ததுதான் வந்த, இத சொல்லிட்டுப் போடி" என்று அபிநயா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைக் காட்டினாள். பரவளையத்துக்கும் நேர்க்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற பரப்பு. "மேல எது, கீழ எதுன்னு எப்பிடிக் கண்டுபுடிக்கிறாங்க? மூணு நாளா முழிச்சிக்கினு இருக்கேன்."

யாழினி பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. "சார் வேகமா போட்டுட்டாருடி. நீ நின்னப்புறம் யாரும் திருப்பிக் கேக்கறதில்ல."

"அட லூசுங்களா" என்று சிரித்துவிட்டு அபிநயா மறுபடி வாழைக்காய் சீவப் போனாள்.

யாழினி வகுப்புக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கமிருந்து வந்த ஆட்டோக்கள் விளக்கைப் போட்டன. வண்டியில் தொங்கிய பல்பைப் பூவம்மாள் எரியவிட்டாள். தட்டில் இன்னும் இரண்டு பஜ்ஜி மிச்சம் இருந்தது. அபிநயா அதைப் பார்த்துவிட்டு, "பொழுது போயிடுச்சேடி. சாப்டாமயே வெச்சிக்கினு இருந்தியா? குடு, வேற யார்னா சாப்டட்டும்" என்று கையை நீட்டினாள்.

யாழினி ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தாள்.

அபிநயாவின் கை அப்படியே நின்றது. "ஏய், இருட்டிடுச்சிடி."

"தெரியும்." வாயில் இருந்ததை விழுங்கினாள். "நான் தினம் ராத்திரி சாப்புட்றேன். தோசை. அம்மாவே சாப்புடச் சொல்லிட்டாங்க, பிளஸ் ஒன்லயே. எனக்கு அந்த ரூல் இல்லடி. சாயங்காலம் ஃப்ரீயா இருக்கணும்னு சார்கிட்ட சும்மா சொன்னேன்."

வண்டியைச் சுற்றிப் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அபிநயா ஒரு வெறுமையான பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை. ஏதோ கணக்கில் ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

"அப்ப நான் ஏன்டி நின்னேன்?"

பூவம்மாள் திரும்பிப் பார்த்தாள். குனிந்து அந்த இரண்டாவது அடுப்பை அணைத்தாள்.

அன்று இரவு மூடி வைத்திருந்த தோசையை யாழினி தொடவில்லை. எல்லாவற்றையும் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னாள். இந்திரா தோசைத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "உன் படிப்புக்காகத்தாம்மா நான் அத விட்டுக் குடுத்தேன். நீ அத வெச்சி இன்னொரு பொண்ணோட படிப்பக் கெடுத்துட்டியே" என்றாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று யாழினிக்குத் தோன்றியது.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்ச் சாரிடம் சொன்னாள். சிட்டிபாபு சார் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "வீட்ல தெரியுமா?" என்றார்.

"நேத்து சொல்லிட்டேன் சார்."

"சரி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். திங்கக்கெழமையிலருந்து பழையபடி ஆறரை. அந்தப் பொண்ண வரச் சொல்லு." அவ்வளவுதான். அவர் அம்மாயி என்று சொல்லவில்லை என்பதைப் படி இறங்கும்போதுதான் யாழினி உணர்ந்தாள்.

திங்கட்கிழமை அபிநயா வந்தாள். யாழினி சொல்லி வரவில்லை, அவளிடம் போய்ச் சொல்ல யாழினிக்கு முகம் இல்லை. சாரே வண்டிக்குப் போய்க் கூப்பிட்டிருந்தார். யாழினியின் பக்கத்து இடம் காலியாக இருந்தும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். சார் இன்னும் மேலே வரவில்லை. காரணம் எதுவும் சொல்லாமல் நேரத்தை மாற்றியிருந்ததால், காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

"ஒருத்திக்காக எல்லாரும் ராத்திரில அலையணுமா?" என்றாள் ஒருத்தி.

"யாழினி பாவம். இனிமே அவ பட்டினியா இருக்கணும்" என்றாள் திரிஷா, பின்வரிசைக்குக் கேட்கும்படியாக. "பெயிலானது யாரோ, கஷ்டப்படறது யாரோ."

யாழினி பின்னால் திரும்பிப் பார்த்தாள். அபிநயாவுக்கு உண்மை தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இந்தப் பேச்சு அடங்கிவிடும். அவள் சொல்லவில்லை. ஆகஸ்டில் மூடிக்கொண்டது போலவே வாயை மூடிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்தாள். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் அவள் குனிந்திருப்பதைப் பார்க்க யாழினியால் முடியவில்லை.

எழுந்து நின்றாள். "அவளால இல்ல. நான்தான் பொய் சொன்னேன். எங்க வீட்ல எனக்கு மட்டும் ராத்திரி சாப்பாடு உண்டு. ஆகஸ்ட்லயும் உண்டு, இப்பவும் உண்டு. என்னாலதான் அவ நின்னா. என்னாலதான் பெயிலானா."

பரத வகுப்பை விட்ட திரிஷா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படியில் சாரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் வந்து, பலகையில் ஒரு பரவளையமும் அதை வெட்டும் நேர்க்கோடும் வரைந்தார்.

"சார், மேல எது, கீழ எதுன்னு எப்பிடி சார் தெரியும்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. சார் புன்னகைத்து முதலிலிருந்து தொடங்கினார். நாலு மாதத்துக்கு அப்புறம் யாழினிக்கு அந்தக் கணக்கு புரிந்தது.

ஏழரை மணிக்குச் சார் தண்ணீர் குடிக்கக் கீழே போனார். வெளியே நல்ல இருட்டு. திரிஷா பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். இந்த முறை நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. பாக்கெட் கை மாறிக் கை மாறிப் பின்வரிசைக்குப் போனது. அபிநயா ஒன்றை எடுத்துக்கொண்டு, எழுந்து வந்து, பாக்கெட்டை யாழினிக்கு முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்கோ. உனக்குத்தான் இருட்டினாலும் பரவால்லயே."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, யாழினி ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள்.